அமுதவள்ளி தட்டிப் பார்த்த தும்பி

1

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். மின்விசிறிக்குக் கீழே இடம் இருக்கிறது. காலை நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். இன்றைக்கு உங்களுக்கு ஒரு கதை தரப்போகிறேன். இதில் அரக்கன் கிடையாது, அரசகுமாரியும் கிடையாது. ஒரு பிரவுசர், ஒரு தாய், ஒரு மகள். நடுவில் கரண்டு போகும். அவ்வளவுதான். ஆனால் கேட்டு முடிக்கும்போது, ‘எங்கள் ஊர்’ என்ற சொல்லை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுகிறேன் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியைக் கண்ணால் பார்த்தேன். மீதியை ஒட்டுக் கேட்டேன். என் சமையலறை ஜன்னலும் அமுதவள்ளி வீட்டுக் கொல்லைக் கதவும் எதிர் எதிரே இருக்கின்றன. அவள் போனில் பேசினால், போன் இல்லாமலே சென்னைக்குக் கேட்கும். இதில் என் காது செய்த குற்றம் ஒன்றும் இல்லை.

(இன்னொன்று. இந்தக் கதையை நான் தாளில் எழுதவில்லை. என் மகன் விட்டுப்போன பழைய லேப்டாப்பில், ஒரு வலைப்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தட்டுகிறேன். முடிந்ததும் ‘அனுப்பு’ என்பதை அழுத்தினால் உங்களிடம் வந்துவிடும். லேப்டாப்பின் பேட்டரி செத்து நாளாகிவிட்டது. சுவரில் பிளக் இருக்கும் வரைதான் அதற்கு உயிர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதைக்கு வேண்டும்.)

2

தொடக்கம் சரியாக வரவில்லை. எழுதிப் பார்த்தவற்றை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

முதல் தொடக்கம்: ‘மணிமுத்தாற்றின் கரையில், பழமலைநாதரின் கோபுர நிழலில் தொன்மை தவழும் விருத்தாசலம் என்னும்...’

வேண்டாம். இது திருவிழா நோட்டீஸ். அமுதவள்ளி கோபுர நிழலில் வாழ்கிறவள் இல்லை. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், ஆட்டோ நிற்கும் முனைக்குப் பின்னால் வாழ்கிறவள்.

இரண்டாம் தொடக்கம்: ‘இணைய உலாவி என்பது யாதெனில்...’

இதுவும் வேண்டாம். கோழிக் குழம்புக்கு என்னென்ன அரைக்க வேண்டும் என்று தேடுகிறீர்களே, அந்தப் பக்கத்தைத் திறந்து உங்கள் கண்முன் காட்டுகிற கருவிக்குத்தான் பிரவுசர் என்று பெயர். அதில் பல வகை உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம். மாறுவது லாபமா என்பதுதான் கேள்வி. இதற்கு ‘யாதெனில்’ எதற்கு?

மூன்றாம் தொடக்கம்: ‘ணங்.’

இது இருக்கட்டும்.

3

ணங்.

நன்றாக வெந்த பீங்கான் விளக்கு இப்படித்தான் குரல் கொடுக்கும். விளக்கை இடக்கை விரல் நுனிகளில் நிறுத்தி, ஒரு சின்ன மரக்குச்சியால் விளிம்பில் ஒரு தட்டு. ணங் என்றால் பெட்டிக்குப் போகும். டொக் என்றால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உள்ளே இருக்கிறது என்று பொருள். அது மூலையில் கிடக்கும் குவியலுக்குப் போகும். சாமிதுரையின் பட்டறையில் அந்தக் குச்சி அமுதவள்ளியின் கையில் இருக்கிறது. அவள் தட்டி அனுப்பிய பெட்டிகளைக் கடைக்காரர்கள் பிரித்துப் பார்ப்பதுகூட இல்லை என்று சாமிதுரை சொல்லிக்கொள்வார். அது பாதியாவது உண்மையாக இருக்கும்.

அவள் கணவர் பச்சமுத்து அதே பட்டறையில் சூளை பார்க்கிறவர். கல்யாணமான புதிதில் அவர் சுட்டு இறக்கிய விளக்குகளில் பாதியை அவள் குவியலில் போட்டுவிட்டாள். அதை இன்றைக்கும் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

“கட்டுன புருஷன் சுட்டதாச்சேன்னு ஒரு வெளக்கையாவது வுட்டாளா? அன்னிக்கு ராத்திரி சோறு போட்டப்ப, தட்டையும் ஒரு தட்டு தட்டிப் பார்த்துட்டுத்தான் வச்சா.”

குறை சொல்லுகிற வாய்தான். ஆனால் முகத்தைப் பார்த்தால் மாலை போட்டுக்கொண்ட மாப்பிள்ளை போல இருக்கும்.

அமுதவள்ளியிடம் ஒரே ஒரு விதி உண்டு. சூளையிலிருந்து இறக்கிய சாமானை ஆறுவதற்கு முன் தட்டமாட்டாள். அவசரத்துக்கு யார் கெஞ்சினாலும் சரி. “சூட்டுல எல்லாமே நல்ல சத்தந்தான் கொடுக்கும். ஆறுறப்பதான் வெடிக்கும்” என்பாள். லாரி வாசலில் நின்று ஹார்ன் அடிக்கும். அவள் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சூடு ஆறாத ஒன்றைத் தட்டிவிட்டாள்.

4

அவளுடைய மகள் இனியா சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். அந்த ஞாயிறு காலை ரயிலில் வந்து இறங்கினாள். பையை வைத்த கையோடு, தாயைப் பட்டறை ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் எதற்குப் போனேன் என்று கேட்காதீர்கள். போனேன்.

“அம்மா, எங்க டீம் ஒரு பிரவுசர் செஞ்சிருக்குது. பேரு தும்பி. வர்ற வெள்ளிக்கிழமை கம்பெனிப் பெரியவங்க முன்னால காட்டணும். அவங்க சரின்னா வெளிய வுடுவாங்க. இல்லைன்னா இவ்ளோ நாள் வேலையும் மூட்டை கட்டிட வேண்டியதுதான்.”

“அதுக்கு நான் என்னாடி பண்ணணும்?”

“பட்டறையில, கடையில இருக்குறவங்க பழசை வுட்டு இதுக்கு மாறுவாங்களான்னுதான் கேப்பாங்க. நீ தட்டிப் பாரு. பார்த்துட்டு நீ சொல்லுறதை அப்புடியே பதிவு பண்ணி, அங்க போட்டுக் காட்டுறேன்.”

“என் குரலையா? மூக்கடைப்பா இருக்குதேடி!”

“மூக்கோடவே பேசு.”

அமுதவள்ளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆரம்பம் என்னவோ முறையாகத்தான் இருந்தது. புதுக் கிளேஸ், அதாவது மேலே பூசுகிற பளபளப்புப் பூச்சு, வந்தால் பட்டறையில் என்ன செய்வார்கள்? ஒரே மண்ணில் செய்த இரண்டு விளக்குகளில், ஒன்றில் பழைய கிளேஸ், ஒன்றில் புதியது பூசி, ஒரே சூட்டில் வேகவைப்பார்கள். அதே மாதிரி பழைய பிரவுசரை இடப்பக்கமும் தும்பியை வலப்பக்கமும் திறந்து, இரண்டிலும் ஒரே பக்கங்களைப் போட்டுப் பார்த்தாள். ரயில் நேரம். ஜி.எஸ்.டி. பக்கம். பட்டறையின் கடைப்பக்கம்.

பழையது யோசித்து யோசித்துத் திறந்தது. தும்பி சட்டென்று வந்து உட்கார்ந்தது. பழையதில் எண்ணெய் விளம்பரமும் பெண் பார்க்கும் விளம்பரமும் ஓரத்தில் ஆடின. தும்பியில் ஓரம் பெருக்கிவிட்ட வாசல் மாதிரி சுத்தமாக இருந்தது. பழையதைத் திறந்தாலே ஆபீஸ் கம்ப்யூட்டரின் விசிறி, சூளைக்குக் காற்றடிக்கிற ப்ளோயர் போல உறுமும். தும்பி மட்டும் ஓடியபோது அந்தச் சத்தம் அடங்கிவிட்டது. “மெசினு ஆஃப் ஆயிடுச்சா?” என்று சாமிதுரை எட்டிப் பார்த்தார். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்க, பளிச்சென்று இருந்தது.

இதுவரை எல்லாம் சரி. நிதானமாகத் தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

பிறகு இனியா எதையோ அழுத்தினாள். ‘தும்பியைச் செய்தவர்கள்’ என்று ஒரு பக்கம் திறந்தது. நடுவில்: இனியா பச்சமுத்து.

(இந்த இடத்தை நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். அமுதவள்ளியின் கண் கலங்கியது என்று ஒருமுறை. கலங்கவில்லை, ஆகவே அழித்தேன். மகளைக் கட்டிக்கொண்டாள் என்று ஒருமுறை. அதுவும் நடக்கவில்லை. நடந்தது இது: முந்தானை நுனியால் திரையில் அந்தப் பெயர் இருந்த இடத்தை மட்டும் துடைத்தாள். அங்கே தூசியே இல்லை.)

“ணங்குன்னு இருக்குதுடி!” என்றாள். “பாஸ்! எழுதிக்க. அமுதவள்ளி தட்டிப் பார்த்துட்டா. எல்லாரும் மாறலாம்!”

இனியா போனை நீட்டி அதைப் பதிவு செய்துகொண்டாள்.

5

அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்குப் பிடித்த பைத்தியத்தை என்ன சொல்ல. சாமிதுரை ஆபீஸ் கம்ப்யூட்டரில் பழையதை எடுத்தே போட்டுவிட்டார். “நம்ம பட்டறைப் பொண்ணு செஞ்சது இருக்கறப்ப, எவன் செஞ்சதோ நமக்கு எதுக்கு?” பச்சமுத்துவுக்குப் போனில் பேசவும் வாட்சப் பார்க்கவும் மட்டும்தான் தெரியும். அவரும் தும்பியை ஏற்றிக்கொண்டார். டீக்கடைக்குப் போய் அந்தச் சின்னப் படத்தை மட்டும் திறந்து காட்டிவிட்டு மூடிவிடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கும் கவலை இல்லை, பார்த்தவர்களுக்கும் கவலை இல்லை. மருந்துக்கடை மாறியது. ஜெராக்ஸ் கடை மாறியது. நானும் மாறினேன்.

வேறு ஊராக இருந்தால் ஒருவர் மாறி, நாலு நாள் பார்த்து, அப்புறம் அடுத்தவர் மாறுவார். எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. எங்கள் பெண் செய்தாள், அமுதவள்ளி தட்டினாள். இதற்கு மேல் யாருக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

6

புதன்கிழமை.

பட்டறையில் பெட்டி கட்டுகிற திரௌபதிதான் கடைப்பக்கத்தில் வருகிற ஆர்டர்களையும் பார்த்துக்கொள்கிறாள். கார்த்திகைக்கு விளக்கு கேட்டவர்களின் பெயர், முகவரி, எத்தனை, எந்த நிறம் என்று காலையிலிருந்து உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல மதியச் சாப்பாட்டு நேரத்துக் கதைக்காகப் போயிருந்தேன். கடைசி முகவரி முடியப்போகிறது. சேத்தியாத்தோப்பில் ஒரு...

கரண்டு போனது.

* பியூஸ் போட பீங்கான் கட்டை செய்து நாடெல்லாம் அனுப்புகிற ஊர் எங்களுடையது. எங்கள் ஊரிலேயே கரண்டு நிலைக்காது. சிரிக்க வேண்டுமென்றால் இங்கேயே சிரித்துவிட்டு மேலே போங்கள்.

கரண்டு வந்தது. திரௌபதி தும்பியைத் திறந்தாள். காலையிலிருந்து தட்டியது எதுவும் இல்லை. பக்கம், கிளேஸ் பூசாத விளக்கு மாதிரி வெள்ளையாகப் பார்த்தது.

“யக்கா!” என்று அமுதவள்ளியைப் பார்த்து அவள் போட்ட கூச்சலில் சூளைப் பக்கமிருந்து பச்சமுத்துவே ஓடிவந்துவிட்டார். “எல்லாம் போச்சுக்கா! பழசா இருந்தா, திரும்பத் தொறந்தா வுட்ட எடத்துல நிக்கும். இது வழிச்சுத் தின்னுட்டுது!”

“எங்கயாச்சும் ஒளிஞ்சிருக்கும், நல்லாத் தேடு,” என்றார் பச்சமுத்து.

“என்னா மாமா, கோழிக்குஞ்சா ஒளிஞ்சிருக்க? நீங்க வேற!”

சாமிதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அவருக்குக் கோபம் வந்தால் கொளஞ்சியப்பர் கோயிலுக்குத்தான் போவார். வெளியூர்க்காரர்களுக்காக: மணவாளநல்லூரில் இருக்கிற அந்தச் சாமியிடம் நாங்கள் வழக்கே தொடுப்போம். யாரால், என்ன நட்டம் என்று தாளில் எழுதி, சந்நிதியில் வைத்து, பிறகு முனியப்பர் முன்னால் கட்டிவிட்டு வருவோம். அதற்குப் பிராது கட்டுவது என்று பெயர். எதிராளி யார், எந்த ஊர் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் சாமி எங்கே போய்த் தேடும்?

“கட்டுறேன் பிராது!” என்றார் சாமிதுரை. “திரௌபதி, பேனா எடு. எழுது. கொளஞ்சியப்பர் சமூகத்துக்கு. தும்பிங்கிற பிரவுசரு எங்க காலைப் பொழுதை முழுங்கிட்டுது.”

“எதிராளி பேரு என்னாண்ணே போடுறது?”

“அதான், தும்பி.”

“அதுக்குக் கையா காலா இருக்குது, சாமி போயி நிக்க? செஞ்சவங்க பேருதான போடணும்?”

திரௌபதி யோசிக்காமல் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு பேனாவை மூடினாள். செய்தவர்களின் பெயர் எல்லாருக்கும் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை திரையில் துடைத்து வைத்த பெயர் அது. பச்சமுத்து தரையைப் பார்த்தார். சாமிதுரை மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டார்.

“வுடும்மா. பேச்சுக்குச் சொன்னேன். நம்ம பொண்ணு மேல எவனாச்சும் பிராது கட்டுவானா?”

அமுதவள்ளி கையிலிருந்த விளக்கைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

“என் பேரைப் போடுங்கண்ணே.”

“உன் பேரா? நீ என்னாம்மா பண்ணுன?”

“அவ செஞ்சா. பாஸுன்னு சொன்னது யாரு? வெடிப்புள்ள சாமான் கடைக்குப் போனா சூளைக்காரரையா கேக்குறீங்க? குச்சி புடிச்சவளத்தான கேக்குறீங்க. எழுது திரௌபதி. எதிராளி அமுதவள்ளி, இதே ஊரு.”

யாரும் எழுதவில்லை. அவள் மறுபடி விளக்குகளுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். மதியம் முழுக்க ஒரு தட்டுச் சத்தமும் கேட்கவில்லை.

7

இங்கே நிறுத்திக்கொண்டு, உங்களோடு ஒரு சந்தேகத்தைப் பேச வேண்டும்.

அமுதவள்ளியை நீங்கள் நம்புவீர்களா? ‘என் பேரைப் போடுங்க’ என்று சொல்லுகிறவர்கள் மேடையில்தான் வருவார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். எழுதும்போது எனக்கே அப்படித் தோன்றியது. அதனால் அவளுடைய பொய்களையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்குச் சர்க்கரை நோய் உண்டு; டாக்டரிடம் ஜாங்கிரியைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை என்பாள். ஜாங்கிரி டப்பா அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கும். நாத்தனார் வருகிறாள் என்றால் தலைவலி வந்துவிடும். பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக வாந்தி வருவதுபோல நடிப்பாள். அப்படிப்பட்டவள்தான். குச்சி கையில் இருக்கும்போது மட்டும் பொய் வராது.

ஆனால் அந்தப் புதன்கிழமை எனக்கு அவள் மேல் இரக்கமாக இருந்தது. வெள்ளிக்கிழமை இனியா பெரியவர்கள் முன்னால் நிற்கப்போகிறாள். கையில் தாயின் குரல் இருக்கிறது. ‘பாஸ், எல்லாரும் மாறலாம்’ என்ற குரல். தாய் இப்போது வாயைத் திறந்தால், மகளின் இவ்வளவு நாள் உழைப்பு என்ன ஆகும்? திறக்காவிட்டால், அவள் குச்சி என்ன ஆகும்?

அன்று மாலையே வீட்டுக்கு வந்து, நான் ஒரு முடிவை எழுத உட்கார்ந்தேன். அதுவும் தும்பியில். (ஏன் பெரியம்மா, அது தின்றுவிடும் என்று தெரிந்துமா என்று கேட்கிறீர்கள். தெரிந்துதான். எங்கள் பெண் செய்தது. அதை மூடிவிட்டுப் பழையதைத் திறக்க எனக்குக் கை வரவில்லை.) நான் எழுதிய முடிவில் அமுதவள்ளி வாயே திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை கூட்டம் கைதட்டுகிறது. தும்பி வெளியே வருகிறது. பின்னால் யாரோ அந்த வெடிப்பைத் தாமாகவே சரி செய்கிறார்கள். தாய் ஒரு விளக்கை ஏற்றி வைத்துப் பெருமூச்சு விடுகிறாள். எனக்கே கண்ணில் நீர் வந்தது. அவ்வளவு அழகாக எழுதியிருந்தேன். கடைசி வரி இப்படி வந்துகொண்டிருந்தது:

‘விளக்கின் ஒளியில் அமுதவள்ளி தன் மகளுக்காக, தன் வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு வெடிப்பை...’

கரண்டு போனது.

திரும்பி வந்தபோது வெள்ளைப் பக்கம். அதிலிருந்து இந்த ஒரு வரிதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்குக் காட்ட முடிகிறது. முதலில் அழுகை வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. ஒரு பொய் முடிவைத் தும்பி வழித்துத் தின்றுவிட்டது. நல்ல பசி அதற்கு.

8

வியாழக்கிழமை காலை. கொல்லைக் கதவு திறந்தது. அமுதவள்ளி போனை எடுத்தாள். நான் காபியைக் கீழே வைத்தேன்.

“கண்ணு, சாப்டியா?”

“ஆச்சும்மா. என்னா, காலையில?”

(இனியாவின் குரலும் கேட்டதா என்று கேட்காதீர்கள். அமுதவள்ளி எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.)

“அந்தத் தும்பியில வெடிப்பு இருக்குதுடி.”

“என்னாது?”

“கரண்டு போயி வந்தா, எழுதிக்கிட்டு இருந்தது எல்லாம் போயிடுது. திரௌபதி காலையிலருந்து தட்டுனது மொத்தமும் போச்சு. பழசுல போவாது.”

ஒரு ரயில் ஜங்ஷனுக்குள் நுழைகிற சத்தம் மட்டும் கேட்டது.

“எங்க ஆபீஸ்ல கரண்டே போவாதும்மா,” என்றாள் மெதுவாக. “போனாலும் எங்க யாருக்கும் தெரியாது. எல்லார் மெசினுலயும் பேட்டரி இருக்குது. இப்புடிப் பட்டுனு நிக்கிறதை நாங்க யாரும் பார்க்கவே இல்ல.” பிறகு குரல் இறங்கியது. “அம்மா... வுட்ட எடத்தை ஞாபகம் வச்சுக்குறது இருக்குதுல்ல, அந்தப் பகுதிதான் நான் எழுதுனது.”

அமுதவள்ளி துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது. நேற்றே தெரிந்திருந்தால், அந்த அழகான முடிவை இன்னும் அழகாக எழுதியிருப்பேன்.

“நாளைக்கு உன் குரலைப் போடணும்மா. எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்குறேன். எங்க அம்மா தட்டிப் பார்த்துட்டாங்கன்னு.”

“அதைப் போடாத.”

“அம்மா!”

“அது சூட்டுல சொன்னதுடி. உன் பேரைப் பார்த்துட்டு உளறிட்டேன். நெஞ்செல்லாம் கொதிச்சுக் கெடந்துது, காது எங்க கேக்கும்? இப்ப ஆறிட்டுது. இப்ப சொல்லுறேன், அதைப் பதிவு பண்ணு.”

“அதைப் போட்டா எங்க டீமு...”

“உங்கப்பன் சுட்டதையே நான் வுடலை. அந்த மனுசன் என்னா கொறைஞ்சா போயிட்டாரு? அடுத்த சூளையில ஒண்ணுகூட வெடிக்கலை. பதிவு பண்ணுறியா, இல்ல நான் போனை வைக்கட்டுமா?”

போனிலிருந்து “ம், பேசு,” என்று வந்தது.

அமுதவள்ளி தொண்டையைக் கனைத்தாள். எழுந்து நின்றுகொண்டாள். பட்டறையில் தட்டும்போது எப்படி நிதானமாக இருப்பாளோ, அதே குரலில் சொன்னாள்:

“நான் அமுதவள்ளி. விருத்தாசலத்துல பீங்கான் தட்டிப் பார்க்குறவ. தும்பி வேகமா இருக்குது. விளம்பரம் இல்ல. மெசினு உறுமலை. தமிழு எழுத்து அவ்ளோ லட்சணமா இருக்குது. ஆனா கரண்டு போனா எழுதுனதை வுட்டுடுது. எங்களை மாதிரி ஊருல கரண்டு போவும். இதைச் சரி பண்ணாம யாரையும் மாறச் சொல்ல மாட்டேன். சரி பண்ணுனா, பழசை நானே எடுத்துப் போட்டுட்டு மாறுவேன். செஞ்சது என் பொண்ணு. அவளால முடியும்.”

போனை வைத்த பிறகு நேரே என் ஜன்னலைப் பார்த்தாள்.

“கேட்டுதா பெரியம்மா? இல்ல, திரும்பச் சொல்லணுமா?”

9

வெள்ளிக்கிழமை என்ன நடந்தது?

உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று: பெரியவர்கள் சிரித்தார்கள், ‘யாரம்மா இது’ என்று கேட்டார்கள், இனியா தலைகுனிந்தாள். இன்னொன்று: எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இரண்டையும் என்னால் எழுத முடியும். ஆனால் அந்த அறைக்குள் எனக்கு ஜன்னல் கிடையாது. கொல்லைக் கதவு வழியாக என் காதுக்கு வந்ததை மட்டும் சொல்லுகிறேன்.

“போட்டேம்மா. கடைசி வரைக்கும் போட்டேன். அப்பறம் எங்களுக்கு மேல இருக்குற மேடம், உங்க அம்மா பேரு என்னான்னு திரும்பக் கேட்டாங்க. ஒரு வாட்டி சரி பண்ணிட்டு வான்னு டைம் கொடுத்துருக்காங்க. இனிமே எதைச் செஞ்சாலும், நடுவுல பிளக்கைப் புடுங்கிப் பார்த்துட்டுத்தான் வெளிய வுடணுமாம். அந்தச் சோதனைக்கு ஒரு பேரு வச்சிருக்காங்க.”

“என்னா பேரு?”

“அமுதவள்ளி.”

“என்னாடி?”

“ஆமாம்மா. ‘அமுதவள்ளி பண்ணியாச்சா’ன்னுதான் இங்க எல்லாரும் கேட்டுக்குறாங்க. வடநாட்டுப் பசங்க வாயில நுழையாம தவிக்குறானுங்க.”

“இனிஷியல் போட்டாங்களா?” என்றாள் அமுதவள்ளி.

அன்று பட்டறையில் பச்சமுத்து எல்லாருக்கும் டீ சொன்னார். டீக்கடையில் அவர் கதையில் இப்போது ஒரு பகுதி கூடியிருக்கிறது. “புருஷனையும் வுடலை, பொண்ணையும் வுடலை” என்று ஆரம்பிப்பார். கேட்டுப் பாருங்கள். மாலை போட்ட முகம்.

10

சரி செய்த தும்பி வந்து சேர்ந்து நாளாகிவிட்டது. திரௌபதி மறுபடி உட்கார்ந்து தட்டினாள். ஆனால் எங்கள் ஊர்க் கரண்டு இருக்கிறதே, வேண்டும் என்று காத்திருந்தால் போகவே போகாது. அமுதவள்ளியைக் கேட்டேன். “நீயே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிடேன்.”

“நான் தட்ட மாட்டேன் பெரியம்மா. எம்பேரையே வச்சிட்டாங்க. என் கை இன்னும் கொதிக்குது. நீங்க தட்டுங்க.”

குச்சி என்னிடம் வந்துவிட்டது. ஆனால் நான் மட்டும் ஆறியவளா? இந்தக் கதையை இவ்வளவு தூரம் கொண்டுவந்தவளுக்கு, தும்பி தோற்றால் நெஞ்சு தாங்குமா? என் தீர்ப்பையும் நீங்கள் நம்பக்கூடாது. ஆகவே, கண்ணுகளா, குச்சியை உங்களிடம் தருகிறேன். இப்படித்தான் தரப்போகிறேன்:

இந்தக் கதையின் முதல் எழுத்திலிருந்து இந்த எழுத்து வரை மறுபடியும் தும்பியில்தான் தட்டியிருக்கிறேன். எங்கும் எடுத்து வைக்கவில்லை. இன்னும் அனுப்பவும் இல்லை. அடுத்து உங்களுக்கான வாழ்த்தை எழுதுவேன். எழுதி முடித்ததும் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவேன். பிறகு மாட்டி, திறப்பேன். கதை விட்ட இடத்தில் நின்றால், ஒரு புள்ளிகூடக் கூட்டாமல் ‘அனுப்பு’ என்பதை அழுத்திவிடுவேன். வெள்ளைப் பக்கமாக இருந்தால், மீண்டும் எழுதமாட்டேன். இப்படி ஒரு கதை இருந்தது என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகட்டும்.

தும்பிக்கு மாறலாமா என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் கையில் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதைத் தட்டிப் பாருங்கள். என்ன சத்தம் கேட்கிறது?

உங்கள் வீட்டு விளக்கு காற்றிலும் நின்று எரியட்டும். அடுக்கி வைத்த சாமான் எதைத் தட்டினாலும் ணங் என்று பதில் சொல்லட்டும். உங்கள் பிள்ளைகள் செய்கிற காரியத்தில் அவர்கள் பெயர் பளிச்சென்று தெரியட்டும். அதில் வெடிப்பு இருந்தால் அன்போடு சொல்லுகிற ஒரு வாய் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். போன வெளிச்சம் திரும்பி வரும்போது, உங்கள் வாசலில் எல்லாரும் எல்லாமும் விட்ட இடத்திலேயே நிறைந்து நிற்கட்டும்.